ஃபார்மட்டுக்கு முன் கேட்காமல் விட்ட பெயர்

ரேவதி கேட்டது ஒரே ஒரு பக்கம். நான் வேலை பார்த்த கடையில் இப்போது சர்வீஸ் மேசையைக் கவனித்துக்கொள்பவர் அவர். புதிதாகச் சேர்ந்தவர்கள் யாரும் பேக்கப் எடுப்பதை ஒரு வேலையாகவே மதிப்பதில்லையாம். "எல்லாம்தான் கிளவுட்ல இருக்கே, எதுக்குன்னு கேக்குறாங்க மேடம். நீங்க ஒரு பக்கம் எழுதிக் குடுங்க. லேமினேட் பண்ணி சுவத்துல ஒட்டிடறேன்" என்றார். லேமினேட் செய்து சுவரில் ஒட்டிய எதையும் யாரும் படித்து நான் பார்த்ததில்லை. அந்தக் கடையிலேயே தீ பிடித்தால் என்ன செய்ய வேண்டும் என்ற குறிப்பு ஒன்று பல வருடம் தலைகீழாகத் தொங்கியது. வாடிக்கையாளர் ஒருவர் சொல்லித்தான் எங்களுக்கே தெரிந்தது. அதனால் ஒரு பக்கத்தை விட்டுவிட்டு நடந்ததை எழுதுகிறேன்.

என் பெயர் விஜயலட்சுமி. மேற்குத் தாம்பரத்தில், மார்க்கெட்டுக்குப் போகிற வழியில் இருந்த கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் ஃப்ளாப்பி காலத்தில் சேர்ந்து, போன வருடம் ஓய்வு பெற்றேன். எலெக்ட்ரானிக்ஸில் டிப்ளமோ, கொஞ்ச நாள் டிவி ரிப்பேர், பிறகு இது. என் படிப்பைப் பற்றிச் சொல்ல இதற்கு மேல் ஒன்றும் இல்லை.

வீடுகளுக்குப் போனால் கதவைத் திறப்பவர்கள் என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பார்கள். "சார் வரலியா?" என்பார்கள். "சார் நான்தான்" என்பேன். சேலையூரில் ஒரு வீட்டில், நான் சிபியுவைத் திறந்து பாதி வேலை முடித்த பிறகும் வீட்டுக்காரர் வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் உதவியாள், ஆள் பின்னால் வருகிறார் என்று நினைத்திருக்கிறார். இதற்கெல்லாம் ஆரம்பத்தில் கோபம் வந்தது. பிறகு பழகிவிட்டது. பழகிவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

கடை காதர் பாயுடையது. அவர் முன்பு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்தியவர். அந்தப் பழக்கமோ என்னவோ, எதையும் அவசரமாகச் செய்ய மாட்டார், எதையும் இரண்டாம் முறை செய்யவும் மாட்டார். எல்லோரையும் "நீங்க" என்பார். டீ கொண்டுவருபவரும் "நீங்க", நானும் "நீங்க". ஒரு கம்ப்யூட்டர் மேசைக்கு வந்தால் முதலில் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு அதைச் சுற்றி ஒரு நடை நடப்பார். கட்சி மாநாட்டில் பந்தலைப் பார்வையிட வந்தவர் மாதிரி இருக்கும். உள்ளே இருப்பதற்கு ஒரு பிரதி எடுக்கும் வரை அந்தக் கைகள் முன்னால் வராது. எங்கள் கைகளும் வரக்கூடாது.

பிரதி எடுத்தாகிவிட்டது என்று நாம் சொன்னால் அவர் ஒப்புக்கொள்ள மாட்டார். அந்தப் பிரதியை வேறொரு மெஷினில் போட்டு, முதலில் இருப்பது ஒன்று, கடைசியில் இருப்பது ஒன்று, நடுவில் ஏதாவது ஒன்று, மூன்றையும் திறந்து காட்ட வேண்டும். வாடிக்கையாளர் கூட இருந்தால் அவர் தன் கண்ணால் பார்த்து, "ஆமா, இது எங்களுதுதான்" என்று வாயால் சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் ரிப்பேர்.

நான் சேர்ந்த புதிதில் இது வீண் சடங்காகத் தெரிந்தது. ஒரு கல்யாணப் போட்டோ கேஸ் வந்தது. குரோம்பேட்டையில் இருந்து ஒரு புது ஜோடி, வைரஸ் புகுந்த கம்ப்யூட்டர். டெஸ்க்டாப்பில் 'முகூர்த்தம்', 'ரிசப்ஷன்' என்று இருந்ததை எல்லாம் ஒன்று விடாமல் காப்பி செய்தேன். இரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது. என் வேகத்தை நானே மெச்சிக்கொண்டேன். காதர் பாய் அந்தப் பிரதியைப் பக்கத்து மெஷினில் போட்டு 'முகூர்த்தம்' என்பதைத் திறந்தார். திறக்கவில்லை. நான் காப்பி செய்தது போட்டோக்களை இல்லை, போட்டோக்கள் இருக்கும் இடத்துக்கு வழி காட்டும் ஷார்ட்கட்டுகளை. மூலையில் சின்ன அம்புக்குறி இருந்திருக்கிறது, நான் பார்க்கவில்லை. "கல்யாண மண்டபத்துக்குப் போற வழியைத்தான் பத்திரமா எடுத்து வெச்சிருக்கீங்க" என்றார். அன்று டிஸ்க்கைத் துடைத்து ஃபார்மட் போட்டிருந்தால் அந்தப் பெண்ணின் முகத்தை எப்படிப் பார்த்திருப்பேனோ தெரியாது.

இன்னொரு வியாதி நம் ஊருக்கே உரியது. கம்ப்யூட்டர் விற்கிறவர்கள் ஒரே டிஸ்க்கை சி, டி, இ, எஃப் என்று நான்காகப் பிரித்துக் கொடுப்பார்கள். சி-யில் சிஸ்டம், மற்றதெல்லாம் நமக்கு. ஜனங்கள் அதற்குக் குடும்பத்தார் பெயர் வைப்பார்கள். மாடம்பாக்கத்தில் ஒரு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் வீட்டில் டி-க்கு 'அப்பா', இ-க்கு 'அம்மா', எஃப்-க்கு 'சுரேஷ்'. தான் எழுதிய பள்ளி வரலாறு முழுவதையும் அவர் 'அப்பா'வில் ஒன்று, 'அம்மா'வில் ஒன்று என்று இரண்டு பிரதி வைத்திருந்தார். "ரெண்டு இடத்துல பேக்கப் இருக்கும்மா, தைரியமா கை வைங்க" என்றார். கை வைக்கவே வேண்டியிருக்கவில்லை. டிஸ்க்கே செத்துக் கிடந்தது. அப்பா, அம்மா, சுரேஷ் மூவரும் ஒரே நேரத்தில் போய்விட்டார்கள். பீரோவில் மேல் தட்டில் இருப்பதற்குக் கீழ்த் தட்டில் ஒரு பிரதி வைத்தால் போதும் என்று நினைக்கிறோம், பீரோவையே தூக்கிக்கொண்டு போனால் என்ன செய்வது என்று நினைப்பதில்லை. அவரிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காதர் பாய்தான் சொன்னார்.

இந்த இரண்டுக்கும் பிறகு காதர் பாய் ஒரு சீட்டு அச்சடித்தார். அதற்கு நாங்கள் வைத்த பெயர் வீட்டுச் சீட்டு. மற்ற கடைகளில் என்ன கோளாறு, என்ன மாடல் என்று எழுதுவார்கள். எங்கள் சீட்டில் முதல் கேள்வி, "வீட்டில் யார் யார் இருக்கிறார்கள்?" ஒவ்வொருவர் பெயருக்கும் நேரே, அவர் அந்தக் கம்ப்யூட்டரில் என்ன வைத்திருக்கிறார் என்று எழுத வேண்டும். கொண்டுவந்தவர் தனக்கு மட்டும்தான் பதில் சொல்லலாம். மற்றவர்களுக்குப் போன் போட்டு நாங்களே கேட்க வேண்டும். "தூக்கிட்டு வர்றவருக்கு வெயிட்டுதான் தெரியும்" என்பார் காதர் பாய். ஜனங்கள் சிரிப்பார்கள், சில பேர் சலித்துக்கொள்வார்கள். ரேஷன் கார்டா கேக்குறீங்க என்று ஒருவர் கத்தினார்.

இனி அந்தக் கேஸ்.

இரும்புலியூரில் இருந்து ஏழுமலை என்பவர் ஒரு சிபியுவை ஸ்கூட்டரின் முன்பக்கம் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு வந்தார். ஜிஎஸ்டி ரோட்டில் பெயிண்டும் பைப்பும் விற்கும் கடை அவருடையது. இரும்புலியூர் கிராமமாக இருந்தபோது அவர்கள் நிலம் அங்கே இருந்தது, இப்போது அந்த நிலத்தில் வாடகை வீடுகள் இருக்கின்றன. நல்ல மனிதர், சத்தமாகப் பேசுவார். வெள்ளிக்கிழமை மதியம். காதர் பாய் தொழுகைக்குப் போயிருந்தார். எனக்கு முன்னால் இன்னும் மூன்று பேர் காத்திருந்தார்கள்.

"ஆன் பண்ணா பேரு வருது, உடனே அணைஞ்சி திரும்ப மொதல்லேர்ந்து வருது. ஒரே பேஜாரா கீது மேடம்" என்றார்.

"உள்ள என்னென்ன வெச்சிருக்கீங்க?"

"இன்னா கீது? கடை பில்லு பழசு, கொஞ்சம் போட்டோ, பாட்டு. மொத்தமா துடைச்சிட்டு புச்சா போட்ருங்க."

"வீட்ல யார் யார் இருக்கீங்க?"

"நானு, என் வைஃபு கலைவாணி, பாப்பா. கீழ் போர்ஷன்ல எங்கக்கா கீறாங்க."

"உங்க வைஃப் ஏதாவது வெச்சிருப்பாங்களா? போன் நம்பர் குடுங்க, கேட்டுடறேன்."

"அவளா?" சிரித்தார். "அதை ஆன் பண்ணத் தெரிஞ்சாலே பெருசு மேடம். இல்லன்னு போடுங்க."

நானும் சிரித்தேன். கலைவாணி என்ற பெயருக்கு நேரே 'இல்லை' என்று எழுதினேன். நம்பரை வாங்கி எழுதிக்கொண்டேன், ஆனால் கூப்பிடவில்லை.

ஏன் கூப்பிடவில்லை என்று என்னை நானே பல முறை கேட்டிருக்கிறேன். கூட்டம் இருந்தது, பாய் இல்லை, வெயில், எல்லாம் உண்மைதான். ஆனால் கூட்டம் இருந்த எத்தனையோ நாள் நான் கூப்பிட்டிருக்கிறேன். அந்த மனிதர் சொன்னது எனக்கு இயல்பாகப் பட்டது, அதுதான் காரணம். வீடு வீடாகப் போய் "சார் நான்தான்" என்று சொன்னவள், ஒரு பெண்ணுக்கு என்ன தெரியும் என்று அவள் புருஷனைக் கேட்டு எழுதிக்கொண்டேன். இதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

பேக்கப் எடுத்தேன். டிஸ்க்கைக் கழற்றி, கடை மெஷினில் மாட்டி, போட்டோ, பாட்டு, பில், டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ் எல்லாம் எடுத்தேன். இந்த முறை ஷார்ட்கட் எதுவும் இல்லை. வேறு மெஷினில் மூன்று கோப்புகளைத் திறந்து பார்த்தேன். ஏழுமலை தன் தங்கை கல்யாணப் போட்டோவைப் பார்த்து, "ஆமா, நம்முளுதுதான்" என்றார். பிறகு சி-யை ஃபார்மட் செய்து புது ஓ.எஸ். போட்டேன். சனிக்கிழமை வந்து எடுத்துக்கொண்டு போனார்.

திங்கட்கிழமை காலை ஒரு பெண் கடைக்கு வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். எல்லோருக்கும் வழி விட்டு, கடை காலியாகும் வரை ஓரமாக நின்றார். பிறகு மேசைக்கு வந்து, "இரும்புலியூர் ஏழுமலை வீட்டுக் கம்ப்யூட்டர். அதுல முன்னாடி இருந்தது எல்லாம் உங்ககிட்ட இருக்குங்களா?" என்று கேட்டார்.

"எல்லாம் திருப்பிப் போட்டுக் குடுத்துட்டோமே. என்ன காணோம்?"

"சி-ல பிரிண்டர்னு ஒரு ஃபோல்டர். அதுக்குள்ள இன்னொரு ஃபோல்டர்."

பிரிண்டர் ஃபோல்டரை யார் காப்பி எடுப்பார்கள்? பிரிண்டரின் மென்பொருள், திரும்பப் போட்டால் வந்துவிடும் என்று விட்டுவிடுவோம். அந்த வீட்டில் பிரிண்டரே இல்லை. நான் அதைக் கூட யோசிக்கவில்லை.

"அதுல என்னம்மா இருந்துது?"

கலைவாணி பதில் சொல்லும் முன் வாசலை ஒரு முறை பார்த்தார். பன்னிரண்டு வயதான அவர் மகள் பவித்ராவுக்கு வலிப்பு வரும். மூன்று வருடமாக மாத்திரை சாப்பிடுகிறாள். ஒவ்வொரு முறை வரும்போதும் என்ன கிழமை, என்ன நேரம், எந்தக் கை இழுத்தது, எத்தனை நிமிடம், முந்தின நாள் தூங்கினாளா, மாத்திரை போட்டாளா என்று எழுதி வைக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். அடுத்த வாரம் வியாழக்கிழமை பார்க்கப் போக வேண்டும். வலிப்பு குறைந்திருந்தால் இதே மாத்திரை, குறையாவிட்டால் வேறு மாத்திரை என்று அன்று முடிவு செய்வதாகச் சொல்லியிருந்தார். அந்தக் குறிப்பு முழுவதும் அந்த ஃபோல்டரில்தான் இருந்தது. மாதத்துக்கு ஒரு கோப்பாக முப்பத்தொரு மாதங்கள்.

"நோட்டுல எழுதக் கூடாதா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"எங்க நாத்தனார் எழுத வேணாம்னுட்டாங்க மேடம். எழுதி வெச்சா வியாதி நெலைச்சிடும்பாங்க. நாளைக்குப் பொண்ணு கேட்டு வர்றவங்க கண்ணுல பட்டுதுன்னா என்ன ஆறதுன்னு ஒரு நோட்டைக் கிழிச்சே போட்டாங்க. போனை எல்லாரும் எடுத்துப் பாப்பாங்க. கம்ப்யூட்டரை யாரும் நோண்ட மாட்டாங்க. அதான்."

ஆன் பண்ணத் தெரியாது என்று சொல்லப்பட்ட பெண் இவர்தான்.

காதர் பாய் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அலமாரியில் இருந்து அந்த வீட்டுச் சீட்டை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"இது யார் கையெழுத்து?"

"என்னுது பாய்."

"இந்த இல்லைங்கிறதை யார் சொன்னாங்க?"

"அவங்க வீட்டுக்காரர்."

"ம்" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிறகு கலைவாணியிடம், "நீங்க உடனே வீட்டுக்குப் போங்க. யாரும் அதை ஆன் பண்ண விடாதீங்க. ஓடிட்டு இருந்தா ஆஃப் கூட பண்ண வேணாம், ப்ளக்கைப் பிடுங்கிடுங்க. மேடம் பின்னாலயே வந்து எடுத்துட்டு வருவாங்க" என்றார்.

ஃபார்மட் என்றால் எல்லாம் அழிந்தது என்று பொதுவாக நினைக்கிறார்கள். நாங்கள் போடுகிற சீக்கிர ஃபார்மட் வாசலில் இருக்கும் பெயர்ப்பலகைகளை மட்டும்தான் கழற்றும். உள்ளே இருப்பவர்கள் இருப்பார்கள், வேறு யாராவது குடிவரும் வரை. கம்ப்யூட்டர் ஓடும் ஒவ்வொரு நிமிடமும் யாராவது குடிவந்துகொண்டே இருப்பார்கள். சனி, ஞாயிறு இரண்டு நாள் அது ஓடியிருந்தது.

நான் அடுத்த ஷேர் ஆட்டோவில் போனேன். சேர்ந்து வந்த மாதிரித் தெரியக் கூடாது என்று கலைவாணி கேட்டிருந்தார். கீழ்ப் போர்ஷனில் நாத்தனார் சரோஜா கறிவேப்பிலை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"இன்னாம்மா, சார் வரலியா?"

"வரலீங்க. ஃபேன் சத்தம் வருதுன்னாங்க, கடைக்கு எடுத்துட்டுப் போய்ப் பாக்கணும்" என்று பொய் சொன்னேன். வேலைக் காலத்தில் நான் வாடிக்கையாளர் வீட்டில் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

சிபியுவைத் தூக்கிக்கொண்டு இறங்கும்போது மதியச் சாப்பாட்டுக்குப் பள்ளிக்கூடம் விட்டு ஒரு பெண் படியேறினாள். இரட்டைச் சடை, பாதி அவிழ்ந்த ஷூ. "ஆன்ட்டி, மறுபடியும் என் கேம் அழிஞ்சிடுமா?" என்றாள். "அழியாதும்மா" என்றேன். அவள் மேலே போகும் வரை நான் படியிலேயே நின்றேன்.

அதன் பிறகு நடந்ததைப் புதியவர்கள் கவனித்துப் படிக்க வேண்டும். காதர் பாய் அந்த டிஸ்க்கை எதையும் எழுத முடியாதபடி தடுக்கும் ஒரு கருவி வழியாக மாட்டினார். டிஸ்க்கின் முதல் இடத்தில் இருந்து கடைசி இடம் வரை, காலியாகத் தெரிவதையும் சேர்த்து, இன்னொரு டிஸ்க்கில் அப்படியே பிரதி எடுத்தார். ஒரு முழுப் பகல் ஆயிற்று. பிறகு அசலைக் கவரில் போட்டுப் பீரோவில் வைத்துப் பூட்டினார். தேடியது எல்லாம் பிரதியில்தான். இந்த முழுப் பிரதியை அதுவரை கம்பெனி மெஷின்களுக்கு மட்டும்தான் எடுப்போம். வீட்டுக் கம்ப்யூட்டருக்கு அவ்வளவு நேரம் எதற்கு என்று நினைத்திருந்தோம். அந்த வாரத்தில் இருந்து எல்லா வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் முழுப் பிரதி எடுத்து, பதினைந்து நாள் வைத்திருந்து, கேட்டுவிட்டுத்தான் அழித்தோம்.

போட்டோவைத் தேடுவது சுலபம். ஒவ்வொரு போட்டோவின் தலைப்பிலும் ஒரே மாதிரி அடையாளம் இருக்கும். வெறும் எழுத்துக்கு அப்படி ஒன்றும் கிடையாது. உள்ளே இருக்கும் ஏதாவது ஒரு சொல்லைக் கொடுத்து, இது எங்கெல்லாம் இருக்கிறது என்று டிஸ்க் முழுவதும் தேடச் சொல்ல வேண்டும். கலைவாணிக்குப் போன் செய்து, "எல்லாக் குறிப்புலயும் கண்டிப்பா வர்ற சொல் ஏதாவது இருக்கா?" என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை. "நிமிஷம்" என்றார்.

தமிழை இங்கிலீஷ் எழுத்தில் தட்டியிருந்தார். நிமிஷம் என்று தேடினேன். வரிகள் வர ஆரம்பித்தன.

செவ்வாய். காலைல பல் தேய்க்கும்போது. வலது கை. ஒன்றரை நிமிஷம். அப்புறம் தூங்கினா.

ஞாயிறு. பீச்சுல. மணல்ல விழுந்தா, அடி இல்ல. ஒரு நிமிஷம். எல்லாரும் பாத்தாங்க.

வெள்ளி. பரீட்சை நடுவுல. டீச்சர் போன் பண்ணாங்க. எத்தனை நிமிஷம்னு அவங்களுக்குத் தெரியல.

சர்வீஸ் ஆட்கள் வாடிக்கையாளர் கோப்புகளைப் படிக்கக் கூடாது. திறக்கிறதா என்று பார்க்கலாம், படிக்கக் கூடாது. இதைப் படிக்காமல் வரிசைப்படுத்த வழி இல்லை. மூன்று நாள் படித்தேன். இருபது மாதங்கள் முழுதாகக் கிடைத்தன, நான்கு மாதங்கள் அரைகுறையாக. ஏழு மாதங்கள் இல்லை. நான் போட்ட புது ஓ.எஸ். அவற்றின் மேல் உட்கார்ந்துகொண்டிருந்தது.

ஒரு டீ நேரத்தில் காதர் பாயிடம் சொல்லிப் பார்த்தேன். "மறைச்சு வெச்சது பாய். நான் போன் பண்ணிக் கேட்டிருந்தாலும், நாத்தனார் பக்கத்துல இருந்தா இல்லைன்னுதானே சொல்லியிருப்பாங்க?"

"சொல்லியிருப்பாங்களோ மாட்டாங்களோ, அது அவங்க விஷயம். நீங்க கேக்கலை. நமக்கு அது மட்டும்தான்" என்றார். டீயைக் குடித்துவிட்டு எழுந்து போய்விட்டார். அவர் சொன்னது சரி. எனக்கு அது பிடிக்கவில்லை என்பதும் உண்மை.

பவித்ராவுக்கு என்ன ஆயிற்று என்று படிப்பவர்கள் கேட்பார்கள், அதனால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நன்றாக இருக்கிறாள். அந்த வியாழக்கிழமை டாக்டர் மாத்திரையை மாற்றினார். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து வலிப்பு நின்றது. இப்போது வேலைக்குப் போகிறாள். ஆனால் டிஸ்க்கில் இருந்து நாங்கள் மீட்ட பட்டியலை மட்டும் கொண்டு போயிருந்தால் டாக்டர் மாத்திரையை மாற்றியிருக்க மாட்டார். அதில் எண்ணிக்கை மாதத்துக்கு மாதம் குறைந்துகொண்டே வந்திருந்தது. இதே மாத்திரை போதும் என்று அனுப்பியிருப்பார்.

சனிக்கிழமை காலை, மார்க்கெட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கலைவாணி கடைக்கு வந்தார். தொலைந்த ஏழு மாதங்களை ஞாபகத்தில் இருந்து சொல்வதாகச் சொன்னார். நான் தட்டச்சு செய்ய உட்கார்ந்தேன். பண்டிகையையும் பரீட்சையையும் வைத்து ஒவ்வொன்றாகச் சொன்னார். பொங்கலுக்கு மறுநாள், அரைப்பரீட்சை கணக்கு அன்று, சித்தப்பா வீட்டுக் காதுகுத்துக்கு முந்தின நாள். நிமிடத்தைச் சொல்லும்போது மட்டும் கண்ணை மூடிக்கொள்வார்.

மூன்று மாதங்கள் முடிந்திருந்தன. வாசலில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. ஏழுமலை வரும்போதே பேசிக்கொண்டு வந்தார்.

"இன்னா மேடம், ஃபேனு சத்தமாம், திரும்பத் தூக்கினு வந்துட்டீங்களாம். அக்கா சொல்லிச்சு. ஒரு வாட்டிக்கு ஒழுங்கா..." மனைவியைப் பார்த்து நின்றார். "நீ இன்னா பண்ற இங்க?"

மேசையில் அச்செடுத்த தாள்கள் இருந்தன. மேல் தாளை எடுத்து நின்றபடியே படித்தார். அடுத்ததையும் எடுத்தார்.

"இது பாப்பாவுதா?"

"ஆமா" என்றார் கலைவாணி.

"இவ்ளோ தடவையா?"

"இன்னும் ஏழு மாசம் போயிடுச்சு. இப்ப சொல்லிட்டிருக்கேன்."

"எழுதக் கூடாதுன்னு அக்கா சொல்லிச்சா இல்லியா? நானும் சொன்னேனா இல்லியா?" குரல் உயர்ந்தது. காதர் பாய் ஒரு நாற்காலியை இழுத்து அவருக்குப் பின்னால் போட்டு, "உக்காருங்க" என்றார். அவர் உட்கார்ந்துவிட்டார். காதர் பாய் சொன்னால் எல்லோரும் உட்காருவார்கள்.

கலைவாணி என் பக்கம் திரும்பி, விட்ட இடத்தில் இருந்து தொடர்ந்தார். "ஐப்பசி. தீபாவளிக்கு நாலு நாள் முன்னாடி ஒண்ணு. டியூஷன்ல இருந்து வந்ததும். இடது கை. ஒரு நிமிஷம். அந்த மாசம் அந்த ஒண்ணுதான்."

தட்டினேன். ஐப்பசி, ஒன்று.

"ரெண்டு" என்றார் ஏழுமலை.

கலைவாணி திரும்பிப் பார்த்தார்.

"நீ உங்கம்மாவைப் பாக்க சிங்கப்பெருமாள் கோவில் போயிருந்த. பாப்பா என்னாண்ட கடைல இருந்துச்சு. பெயிண்ட் டப்பா அடுக்கி வெச்சிருப்பேன் இல்ல, அதுக்குப் பக்கத்துல வுழுந்துட்டுச்சு."

"எங்கிட்ட சொல்லவே இல்லியே."

"அக்கா வேணாம்னிச்சு. நீ பயந்துடுவேன்னு நானும் வுட்டுட்டேன்."

நிமிடத்துக்கான கட்டம் காலியாக இருந்தது. அதனால் கேட்டேன். "எத்தனை நிமிஷம் சார்?"

"தெரியாது மேடம். நான் கடியாரம் பாக்கல. பாப்பா பேரைச் சொல்லிக் கூப்டுகினே இருந்தேன். கண்ணத் தொறக்குற வரைக்கும் கூப்டேன்."

கலைவாணி கொஞ்ச நேரம் அவர் முகத்தைப் பார்த்தார். அழுவார் என்று நினைத்தேன். சண்டை போடுவார் என்றும் நினைத்தேன். அவர் தன் கைக்கடிகாரத்தைத் திருப்பி, முள் தெரியும்படி வைத்துக்கொண்டார்.

"எவ்ளோ நேரம்னு டாக்டர் கேப்பாரு. அன்னிக்குக் கூப்பிட்ட மாதிரியே இப்ப கூப்பிடுங்க" என்றார்.

"இங்கியா?"

"ஆமா. எப்ப நிறுத்துனீங்களோ அப்ப நிறுத்துங்க."

ஏழுமலை என்னைப் பார்த்தார், காதர் பாயைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்து, "பவித்ரா" என்றார். மெதுவாகத்தான் ஆரம்பித்தார். "பவித்ரா. பவி. பவித்ரா, அப்பா கீறேன்மா. பவித்ரா, இங்க பாரு." சத்தம் கூடிக்கொண்டே போனது. ஜிஎஸ்டி ரோட்டு லாரிச் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய குரல் அது. வெளியே போகிறவர்கள் நின்று எட்டிப் பார்த்தார்கள். ஒரு கட்டத்தில் அவர் எங்களைப் பார்ப்பதை விட்டுவிட்டார். கைகள் முன்னால் நீண்டு, தரைக்கு மேல் எதையோ தாங்கிக்கொண்டிருந்தன. குரல் உடைந்து, கெஞ்சலாகி, கடைசியில் வெறும் மூச்சாக அந்தப் பெயர் வந்தது. கலைவாணி கடிகாரத்தில் இருந்து கண்ணை எடுக்கவில்லை.

நிறுத்தினார். "இப்ப தொறந்துச்சு" என்றார்.

"நாலு நிமிஷம்" என்றார் கலைவாணி. "போடுங்க மேடம்."

போட்டேன். அந்தப் பட்டியலில் மூன்று நிமிடத்துக்கு மேல் போனது அதுவரை ஒன்றுகூட இல்லை.

ஏழுமலை சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எழுந்திருக்கவில்லை.

"இன்னும் இது மாதிரி மூணு கீது மேடம்" என்றார்.

காதர் பாய் எழுந்து போய்க் கடை ஷட்டரைப் பாதி இறக்கினார். கலைவாணி முள்ளைப் பார்த்தபடியே, "கூப்பிடுங்க" என்றார்.